இரண்டும் ‘ஐ5’ தான். ஆனால் ஒன்றல்ல: பாவித்த கணினி வாங்கும் தோட்டக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஸ்பிரிங்வெளியிலிருந்து பஸ் ஏறி, உயர்தரம் படிக்கும் பிள்ளையோடு பதுளை நகருக்கு வரும் ஒரு பெற்றோரை எண்ணிப்பாருங்கள். பாவித்த கணினி விற்கும் கடையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் அருகருகே இருக்கின்றன. இரண்டின் முகப்பிலும் ‘கோர் ஐ5’ என்ற ஸ்டிக்கர். இரண்டுமே ஏதோவொரு நாட்டில் அலுவலகமொன்றில் ஓடி, கழிக்கப்பட்டு, கொள்கலனில் இலங்கை வந்தவை. ஆனால் ஒன்றின் விலை மற்றையதைவிட ஒன்றரை மடங்கு. ஏன் என்று கேட்டால், “இது பழைய ஜெனரேஷன், அது புதுசு” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த விலை வித்தியாசம் நியாயமானதா? கூடுதலாகக் கொடுக்கும் காசுக்குப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? குறைந்ததை வாங்கினால் எதை இழக்கிறோம்? பாவித்த கணினிச் சந்தையில் அதிகம் காணப்படும் இரண்டு புரொசசர்களான இன்டெல் கோர் ஐ5-2400, கோர் ஐ5-6500 ஆகியவற்றை ஒப்பிட்டு இக்கேள்விகளுக்குப் பதில் காண முயல்கிறது இக்கட்டுரை.

இது ஏன் முக்கியம்?

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தோட்டப்புறப் பிள்ளைகளின் கல்வி ஒரு கைத்தொலைபேசியின் திரைக்குள் சுருங்கியது. வீட்டிலிருந்த ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்டார்கள்; சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறினார்கள். 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, சில வாரங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியபோது, புதிய கணினி என்பது எட்டாக்கனியானது. அன்று முதல் பாவித்த கணினியே பெரும்பாலான குடும்பங்களுக்கு எஞ்சியுள்ள ஒரே வழி.

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கழிவுகள் போகக் கையில் வந்தது அதனிலும் குறைவு. ஆகவே 15,000 ரூபா வித்தியாசம் என்பது கடைக்காரருக்கு ஓர் எண். அந்தச் சம்பளத்தில், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அது பதினொரு நாள் உழைப்பு. தீபாவளி முற்பணத்தையோ சீட்டுக் காசையோ ஒருமுறைதான் இதில் போடலாம். பிழைத்துப்போனால் இரண்டாவது தடவை இல்லை.

இது ஊவாவுக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் போய்க் குடியேறி, 2009 இல் அங்கும் எல்லாவற்றையும் இழந்து மீண்டும் தொடங்கிய குடும்பங்களும் இதே கடைகளில், இதே பெட்டிகளுக்கு முன்னால்தான் நிற்கின்றன. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவினர் “ஐ5 ஆகப் பார்த்து வாங்குங்கோ” என்று போனில் சொல்வதும் எல்லா இடங்களிலும் ஒன்றுதான். அந்தச் சொல் மட்டும் போதாது என்பதே இங்கு சொல்ல வரும் முதல் விடயம்.

பெயரைப் படிக்கும் முறை

‘ஐ3’, ‘ஐ5’, ‘ஐ7’ என்பவை ஒரே ஆண்டில் வெளிவந்த புரொசசர்களுக்கு இடையிலான தரவரிசை மாத்திரமே. ஆண்டு மாறினால் அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணே முக்கியமானது. நான்கு இலக்க எண் என்றால் அதன் முதல் இலக்கம் தலைமுறையைக் காட்டும். 2400 என்றால் இரண்டாம் தலைமுறை. 6500 என்றால் ஆறாம் தலைமுறை. பத்தாம் தலைமுறை முதல் பெரும்பாலும் ஐந்து இலக்கங்கள் வரும்.

எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருந்தால் அதையும் கவனியுங்கள். ‘டி’ அல்லது ‘எஸ்’ என்றிருந்தால் அது மின்சாரம் குறைவாக எடுக்கும், வேகமும் சற்றுக் குறைந்த வகை. உதாரணமாக, ஐ5-6500 இன் அடிப்படை வேகம் 3.2 கிகாஹேர்ட்ஸ், ஐ5-6500டி இன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே. புத்தகம் அளவிலான சின்னப் பெட்டிகளில் பெரும்பாலும் ‘டி’ வகையே இருக்கும். ‘யூ’ என்றிருந்தால் அது மடிக்கணினிக்கானது. மேசைக்கணினிப் புரொசசரோடு அதை ஒப்பிடக்கூடாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

கோர் ஐ5-2400
வெளிவந்தது: 2011 ஜனவரி
கோர்கள்: 4
அடிப்படை வேகம்: 3.1 கிகாஹேர்ட்ஸ் (உச்சம் 3.4)
உள் நினைவகம் (கேஷ்): 6 மெகாபைட்
தயாரிப்பு நுட்பம்: 32 நனோமீற்றர்
மின் வரையறை: 95 வாட்
ரேம் வகை: டி.டி.ஆர்.3
உள்ளிணைந்த கிராபிக்ஸ்: எச்.டி. 2000

கோர் ஐ5-6500
வெளிவந்தது: 2015 செப்டெம்பர்
கோர்கள்: 4
அடிப்படை வேகம்: 3.2 கிகாஹேர்ட்ஸ் (உச்சம் 3.6)
உள் நினைவகம் (கேஷ்): 6 மெகாபைட்
தயாரிப்பு நுட்பம்: 14 நனோமீற்றர்
மின் வரையறை: 65 வாட்
ரேம் வகை: டி.டி.ஆர்.4, சில பெட்டிகளில் குறைந்த மின்னழுத்த டி.டி.ஆர்.3எல்
உள்ளிணைந்த கிராபிக்ஸ்: எச்.டி. 530

கோர்களின் எண்ணிக்கை ஒன்று. கேஷ் ஒன்று. கிகாஹேர்ட்ஸ் வித்தியாசம் வெறும் 0.1. இந்த மூன்றை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு செய்வார். அது சரியல்ல.

கிகாஹேர்ட்ஸ் என்பது புரொசசர் ஒரு செக்கனில் எத்தனை கோடி தடவை ‘துடிக்கிறது’ என்பதைச் சொல்லும். ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்லாது. கொழுந்து பறிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இருவரின் கைகளும் ஒரே வேகத்தில் ஓடலாம். ஆனால் ஒருவர் ஒவ்வொரு தடவையும் மூன்று தளிர்களையும் மற்றவர் நான்கு தளிர்களையும் எடுத்தால், மாலையில் தராசு வேறு வேறு எடையைத்தான் காட்டும். இரண்டாம் தலைமுறைக்கும் ஆறாம் தலைமுறைக்கும் இடையில் இன்டெல் செய்த மாற்றங்களால், அதே துடிப்பில் ஏறத்தாழ கால் பங்கு வேலை கூடுதலாக முடிகிறது. அதோடு வேகமான ரேமும் சற்றுக் கூடிய கிகாஹேர்ட்ஸும் சேர்கின்றன.

மொத்தத்தில், ஐ5-2400 இன் வேகத்தை 100 என்று வைத்தால், ஐ5-6500 இன் வேகம் வேலையைப் பொறுத்து 130 முதல் 145 வரை எனலாம். முன்னையதில் நான்கு நிமிடம் எடுக்கும் கணக்கீடு பின்னையதில் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடியும். இது சிறிய வித்தியாசமல்ல. ஆனால் ‘பழையது உதவாது’ என்று சொல்லும் அளவுக்குப் பெரிய வித்தியாசமும் அல்ல.

எந்த வேலையில் வித்தியாசம் தெரியும்?

பாடசாலைப் பாடங்கள்: சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் வரும் சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், நிகழ்த்துகை, தரவுத்தளம் எல்லாவற்றையும் ஐ5-2400 இலகுவாகச் செய்யும். உயர்தரத்தில் பைத்தன் மொழியில் எழுதும் பயிற்சி நிரல்களும், இணையத்தளம் அமைக்கும் பயிற்சிகளும் அவ்வாறே. இவ்வேலைகளில் இரண்டு கணினிகளையும் மாற்றி மாற்றி வைத்தாலும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

இணையம்: இன்றைய இணையப்பக்கங்கள் கனமானவை. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்து வைத்துப் படிக்கும்போது ஐ5-6500 சற்று இலகுவாக நகரும். ஆனால் இங்கே முதலில் மூச்சுத் திணறுவது ரேம், புரொசசர் அல்ல.

சூம் வகுப்பு: ஆசிரியரின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு குறிப்பெடுப்பதற்கு இரண்டும் போதும். தன் கமராவையும் போட்டு, திரையையும் பகிரும்போது ஐ5-2400 இன் காற்றாடி சத்தமிடத் தொடங்கும், வேலை நிற்காது.

யூடியூப் பாடங்கள்: இங்கேதான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது. யூடியூப் தன் வீடியோக்களில் பெரும்பாலானவற்றை வி.பி.9, ஏ.வி.1 என்ற புதிய முறைகளில் சுருக்கி அனுப்புகிறது. ஐ5-2400 இன் கிராபிக்ஸ் பகுதிக்கு எச்.264 போன்ற பழைய முறைகள் மட்டுமே நேரடியாகத் தெரியும். புதியவற்றை விரிப்பதற்குப் புரொசசரே முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும். ஐ5-6500 இன் கிராபிக்ஸ் எச்.265 முறையை நேரடியாகவும், வி.பி.9 ஐ ஓரளவுக்கும் கையாளும். ஏ.வி.1 இரண்டுக்கும் தெரியாது.

எனினும் நடைமுறையைப் பாருங்கள். நமுனுகுல மலைச் சாரலில் கிடைக்கும் சிக்னலுக்கும் டேட்டா விலைக்கும் பெரும்பாலானோர் 480 தரத்திலேயே வீடியோ பார்க்கிறார்கள். அந்தத் தரத்தில் ஐ5-2400 க்கு எந்தச் சிரமமும் இல்லை. 720 வரைக்கும் அது தாங்கும். 1080 தரத்தில், அதுவும் வேறு பக்கங்கள் திறந்திருக்கும்போது, தடக்கக்கூடும்.

படம், வீடியோ வேலை: கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுதல், போஸ்டர் வடிவமைத்தல் போன்றவற்றைப் பிள்ளை தொழிலாகப் பழக விரும்பினால் ஐ5-6500 தான் குறைந்தபட்சம். வேகம் மட்டும் காரணமல்ல. ஏ.வி.எக்ஸ்.2 எனப்படும் கட்டளைத் தொகுதி ஐ5-2400 இல் இல்லை. புதிய மென்பொருட்கள் சில அது இல்லாமல் திறக்கவே மாட்டா.

முதலில் எஸ்.எஸ்.டி., பிறகுதான் புரொசசர்

பாவித்த கணினி ‘ஸ்லோ’ என்று முறையிடுபவர்களில் பலருக்கு உண்மையில் புரொசசர் பிரச்சினையாக இருப்பதில்லை. உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கே பிரச்சினை. சுழலும் தட்டில் ஒரு தகவலைத் தேடி எடுக்கப் பத்து மில்லிசெக்கன் அளவு பிடிக்கும். எஸ்.எஸ்.டி. அதே தகவலைச் சுமார் 0.1 மில்லிசெக்கனில் எடுத்துக் கொடுக்கும். கணினி திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான தேடல்கள் நடைபெறுகின்றன. ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்கும் கணினி எஸ்.எஸ்.டி.யில் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும்.

ஆகவே எஸ்.எஸ்.டி. போட்ட ஐ5-2400, ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ள ஐ5-6500 ஐ விடப் பயன்பாட்டில் வேகமாக இருக்கும். இரண்டு கணினிகளிலும் சாதாரண 2.5 அங்குல எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தலாம். ஐ5-6500 காலத்துப் பெட்டிகள் பலவற்றில் எம்.2 என்ற சிறிய அட்டை வடிவ எஸ்.எஸ்.டி.க்கும் இடம் உண்டு. அது இன்னும் வேகமானது என்றாலும், படிக்கும் பிள்ளையின் வேலைக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 240 அல்லது 256 ஜீ.பி. கொள்ளளவு போதும்.

அடுத்தது ரேம். 4 ஜீ.பி. இன்று போதாது, 8 ஜீ.பி. தேவை. ஒரே 8 ஜீ.பி. அட்டையை விட இரண்டு 4 ஜீ.பி. அட்டைகள் நல்லது. இரண்டு பாதைகளிலும் தகவல் ஓடுவதால் உள்ளிணைந்த கிராபிக்ஸ் சற்று வேகமாகும். ரேம் வாங்கும்போது வகை மாறக்கூடாது. டி.டி.ஆர்.3 உள்ள மதர்போர்டில் டி.டி.ஆர்.4 பொருந்தாது. ஐ5-6500 பெட்டிகளிலும் சில டி.டி.ஆர்.3எல் எடுப்பவை என்பதால் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.

மின்கட்டணமும் யூ.பி.எஸ்.ஸும்

95 வாட், 65 வாட் என்பவை புரொசசர் முழுப் பாரத்தில் வெளிவிடும் வெப்பத்துக்கான வரையறைகள். நாள் முழுவதும் அது எடுக்கும் மின்சாரம் அல்ல. எழுதும்போதும் படிக்கும்போதும் இரண்டும் அந்த அளவைவிட மிகக் குறைவாகவே எடுக்கும். எனினும் பழைய பெட்டி எப்போதும் சற்றுக் கூடவே எடுக்கும்.

சராசரியாக 20 வாட் வித்தியாசம் என்று வைத்துக் கணக்கிடுவோம். ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம், மாதம் 30 நாள் என்றால் 3,000 வாட்-மணித்தியாலம். அதாவது மாதத்துக்கு 3 அலகு. இந்த 3 அலகுக்காக 15,000 ரூபா கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. வீட்டு மின்கட்டணம் 30, 60, 90 அலகு என்ற படிகளில் ஏறுவதால், உங்கள் பாவனை ஒரு படியின் விளிம்பில் நின்றால் அந்த 3 அலகு நிலையான கட்டணத்தையும் சேர்த்து உயர்த்திவிடும். பழைய பில்களை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.

மின்தடைக்கு யூ.பி.எஸ். வாங்குவோருக்கு வித்தியாசம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பாரம் குறைந்தால் பெற்றரி நீண்ட நேரம் தாங்கும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் மாதங்களில் மாலை வேளையில் இடிமின்னல் அதிகம். அந்நேரத்தில் யூ.பி.எஸ்.ஸை மட்டும் நம்பியிராமல் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வைப்பதே பாதுகாப்பு. ரவுட்டருக்கு வரும் கம்பியையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

விண்டோஸ் பற்றிய உண்மை

விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ உத்தியோகபூர்வமாக ஏற்கும் இன்டெல் புரொசசர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே ஐ5-2400 உம் இல்லை, ஐ5-6500 உம் இல்லை. இந்த ஒரு விடயத்தில் ‘புதுசு’க்கும் ‘பழசு’க்கும் வித்தியாசமே கிடையாது.

சில கடைகளில் இக்கணினிகளிலும் விண்டோஸ் 11 ஓடுவதைக் காட்டுவார்கள். சோதனையைத் தாண்டி நிறுவும் வழிகள் இருக்கின்றன. ஆனால் பிற்காலத்தில் வரும் மேம்படுத்தல்கள் நின்றுபோகலாம். ‘விண்டோஸ் 11 உள்ளது’ என்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

மாற்று வழி லினக்ஸ். லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம்; இரண்டு புரொசசர்களிலும் நன்றாக ஓடும்; பாதுகாப்பு மேம்படுத்தல்களும் தொடர்ந்து கிடைக்கும். தமிழ் எழுத்துருவும் தமிழ் விசைப்பலகையும் உண்டு. லிப்ரே ஒபிஸில் பாடசாலைப் பயிற்சிகளைச் செய்யலாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் மைக்ரோசொப்ட் ஒபிஸ் இருந்தால் பட்டியல்களின் இடங்கள் சற்று மாறித் தெரியும்; பரீட்சை நெருங்கும் காலத்தில் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வங்கிக் கணக்கைப் பார்க்கவும், வெளிநாட்டுக் காசு வந்ததா என்று சரிபார்க்கவும் இக்கணினியைப் பாவிப்பதாக இருந்தால், மேம்படுத்தல் நின்றுபோன விண்டோஸை விட லினக்ஸே பாதுகாப்பானது.

பழுதானால்?

இங்கே பழைய பெட்டிக்கு ஒரு சாதகம் உண்டு. ஐ5-2400 காலத்து மேசைக்கணினிகளில் பெரிய பெட்டிகள் பல, சாதாரண 24 ஊசி பவர் சப்ளையைப் பாவிப்பவை. மின்னலில் பவர் சப்ளை எரிந்தால் எந்தக் கடையிலும் மாற்று வாங்கலாம். ஐ5-6500 காலத்துக்கு வரும்போது பெரிய நிறுவனங்கள் தத்தமக்கென வேறு வகைப் பிளக்குகளுக்கு மாறிவிட்டன. அவற்றுக்கு அதே மாதிரிப் பவர் சப்ளையோ இடைக் கம்பியோ தேட வேண்டும். அது பதுளையில் கிடைக்குமா, கொழும்பிலிருந்து வரவேண்டுமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தில், ஐ5-2400 பெட்டியின் மதர்போர்டு பதினைந்து வருடங்களை எட்டும் வயதுடையது. புரொசசர்கள் இலகுவில் பழுதாவதில்லை. முதலில் தளர்வது மதர்போர்டும் பவர் சப்ளையும்தான். வயதில் நான்கரை வருடம் குறைவு என்பது ஐ5-6500 க்குக் கிடைக்கும் நியாயமான புள்ளி.

விலையைக் கணக்கிடுவது எப்படி?

விலைகள் கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஒரு முறையை மட்டும் இங்கே தருகிறோம். உதாரணத்துக்கு, ஐ5-2400 பெட்டி 25,000 ரூபா, ஐ5-6500 பெட்டி 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே அளவு ரேம், ஒரே வகை எஸ்.எஸ்.டி. என்பது நிபந்தனை. திரை, விசைப்பலகை விலைகளை இதில் சேர்க்க வேண்டாம்.

வேகம் 100 க்கு 25,000 என்றால் ஒரு புள்ளிக்கு 250 ரூபா. வேகம் 140 க்கு 40,000 என்றால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 286 ரூபா. ஆக, வேகத்தை மட்டும் பார்த்தால் பழைய பெட்டியே இலாபம். 25,000 ஐ 1.4 ஆல் பெருக்கினால் 35,000. ஐ5-6500 இன் விலை 35,000 வரை இருந்தால் கொடுக்கும் காசுக்கு ஏற்ற வேகம் கிடைக்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் 5,000 ரூபா வேகத்துக்கானது அல்ல. வீடியோ வசதிக்கும், புதிய மென்பொருட்களுக்கும், குறைந்த வயதுக்கும் கொடுக்கும் விலை. அவை உங்கள் பிள்ளைக்குத் தேவையா என்பதே கேள்வி.

இதைச் சுருக்கிச் சொன்னால்:

ஐ5-6500 பெட்டியின் விலை மற்றையதின் 1.4 மடங்குக்குள் இருந்தால், யோசிக்காமல் அதையே எடுக்கலாம்.

1.4 க்கும் 1.6 க்கும் இடையில் இருந்தால், உயர்தரத்துக்குப் பிறகும் நான்கைந்து வருடம் ஓட வேண்டும், கணினியை வைத்து உழைக்க வேண்டும் என்பவர்கள் எடுக்கலாம். சாதாரண தரப் பிள்ளைக்கு ஐ5-2400 போதும்.

1.6 மடங்கைத் தாண்டினால் ஐ5-6500 ஐ விட்டுவிட்டு எட்டாம் தலைமுறையின் விலையைக் கேளுங்கள். அதில் ஐ3-8100 என்ற புரொசசர் உண்டு. பெயரில் ‘ஐ3’ என்றாலும் நான்கு கோர், 3.6 கிகாஹேர்ட்ஸ், 6 மெகாபைட் கேஷ் உள்ளது. ஐ5-6500 க்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. விண்டோஸ் 11 ஐயும் உத்தியோகபூர்வமாக ஏற்கும். ‘ஐ3 வேண்டாம், ஐ5 தாங்கோ’ என்று கேட்டு, கூடிய விலைக்குக் குறைந்ததை வாங்கிச் செல்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கையில் இருக்கும் காசு ஐ5-2400 க்கு மட்டுமே போதுமானால் மனம் சோர வேண்டாம். மிச்சமாகும் காசில் எஸ்.எஸ்.டி.யையும் 8 ஜீ.பி. ரேமையும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கணினியில் படித்து உயர்தரப் பரீட்சை எழுதலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அதை யாரும் ஒட்டலாம். கணினியைப் போடச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ‘பெர்போமன்ஸ்’ பகுதிக்குப் போனால் புரொசசரின் முழுப் பெயரும் எண்ணும் தெரியும். ரேம் எத்தனை ஜீ.பி., உள்ளே இருப்பது எஸ்.எஸ்.டி.யா ஹார்ட் டிஸ்க்கா என்பவற்றையும் அங்கேயே பார்க்கலாம்.

முற்றாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, சில நிமிடம் கழித்து மீண்டும் போடச் சொல்லுங்கள். திகதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சி.ஆர்.2032 என்ற சிறிய வட்டப் பெற்றரி செத்துவிட்டது. அது மலிவான பொருள். ஆனால் மாற்றாவிட்டால் திகதி பிழைத்து இணையப்பக்கங்கள் திறக்காமல் போகலாம். வாங்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அரை மணித்தியாலம் யூடியூப் வீடியோ ஒன்றை ஓடவிட்டு, காற்றாடியின் சத்தத்தையும் தானாக நின்றுபோகிறதா என்பதையும் கவனியுங்கள். முன்னும் பின்னுமுள்ள யூ.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, ரேம் துளைகளில் எத்தனை வெறுமையாக உள்ளன என்று பாருங்கள்.

பில்லில் ‘ஐ5 கணினி’ என்று மட்டும் எழுத விட வேண்டாம். ‘ஐ5-2400’ அல்லது ‘ஐ5-6500’ என்ற முழு எண், ரேம் அளவு, எஸ்.எஸ்.டி. அளவு, உத்தரவாதக் காலம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போன பிறகு பிழை தெரியவந்தால், திரும்பி வந்து கேட்பதற்குக் கையில் இருக்கப்போவது அந்தத் துண்டு மட்டுமே.

வெளிநாட்டிலிருந்தோ வேறு மாவட்டத்திலிருந்தோ காசு அனுப்புபவர்களும் இதையே செய்யலாம். ‘ஐ5 வாங்குங்கோ’ என்று சொல்வதற்குப் பதிலாக, கடையில் நின்று அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு காசை அனுப்புங்கள்.